பேச முடிகிற வேகத்தில்

"அதைப் போடுங்க கீழே!"

யூடித் திடுக்கிட்டுத் திரும்பினாள். வெறுங்கால்கள் இரண்டும் சேற்றில். கையில், இப்போதுதான் பிடுங்கிய நீளமான மரக்கிளை ஒன்று. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட நெடியவன் ஒருவன், எங்கிருந்து முளைத்தானோ, கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து விறுவிறுவென்று அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"ஏன், இது உங்க வீட்டு மரமா?"

"மரம் இல்லம்மா, வழி!" அவன் கிளையை அவள் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கினான். "அங்க பாருங்க. வரிசையா நட்டு வெச்சிருக்கேன்ல? மூடுபனி இறங்கிச்சுன்னா நீட்டின கை தெரியாது. அப்ப ஒவ்வொரு கிளையா பார்த்துப் பார்த்துத்தான் கரைக்கு வந்து சேரணும். நடுவுல ஒண்ணு இல்லன்னா..."

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பிடுங்கிய இடத்தில் ஒரு வெற்றுக் குழி.

"நான்... ஊனிக்கிட்டு நடக்கலாம்னு நெனச்சேன்."

"எந்த ஊரு நீங்க?"

"காஸல்."

"அங்க கடல் இருக்கா?"

"இருந்தா நான் ஏன் இங்க வேலைக்கு வர்றேன்?"

மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை... எங்கள் ஊர் மழை, பக்கவாட்டில் வந்து காதுக்குள் விழுகிற சாரல். அவன் கிளையைப் பழைய குழியில் இறக்கி, இரு கையாலும் அழுத்தி, ஆட்டிப் பார்த்து, மறுபடி அழுத்தினான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். வாய்தான் திட்டியது. அந்தச் சாம்பல் நிறக் கண்கள் திட்டவில்லை...

"ஒரே இடத்துல நிக்காதீங்க. நின்னா அமுங்கிடுவீங்க."

குனிந்து பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு சாண்தான் பாக்கி!

"கையைக் குடுங்க."

"வேணாம். நானே வருவேன்."

ஒரு காலை இழுத்தாள். மறுகால் இன்னும் இறங்கியது. அடுத்த நொடி சொத்தென்று சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடுதான் சிரிப்பாக இருந்தது. இந்த முறை நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

எழுந்து நின்ற பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். கடல் இல்லை. காலையில் அவள் அணைக்கரையில் நின்று பார்த்த அத்தனை தண்ணீரும் எழுந்து எங்கோ போய்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டியவரை பளபளக்கும் சேற்றுத் தரை, அதில் தலைகீழாக முழு வானம். நடுவில், ஒரு காலத்தில் படகுகளுக்கு அடையாளமாக நிறுத்திய மரக்கோபுரம் ஒற்றையாக நின்றது. தான் நிற்பது கடலின் அடியில்... ஆறு மணி நேரம் கழித்து இதே இடத்தில் தலைக்கு மேல் அலை... அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"நான் இங்கயே பிறந்தவன்," என்றான் அவன், அவள் கேட்காமலே. "எனக்கும் இன்னும் பழகல."

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

யூடித் எங்கள் கடலோர ஊரான வெஸ்டர்சீலுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முப்பத்து மூன்று வயது. மருந்துக் கடையில் வேலை. கடைக் கதவில் யாரோ ஒட்டியிருந்த காகிதத்தைத் தினமும் படித்துக்கொண்டிருந்தாள். 'ஓடத் தெரியாதவர்கள் மட்டும் வரவும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கடல்தரைப் போட்டி. மரக்கோபுரம்வரை போய்த் திரும்ப ஐந்து கிலோமீட்டர். குழுவாக ஓடுகிறோம்.'

ஓடத் தெரியாதவர்களுக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் மூச்சிரைப்பு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வேளை வந்தால் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, மற்றவர்களின் சட்டைகளை எல்லாம் மடியில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்து வருடம் சட்டை காத்தவள் அவள். மூச்சிரைப்பு பதினைந்து வயதிலேயே போய்விட்டது. பெஞ்சு மட்டும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அணைக்கரைக்கு அடியில் ஏழு பேர் கூடினார்கள். ரொட்டிக் கடை கேஷா, ஐம்பத்தெட்டு வயது, குரல் மட்டும் பக்கத்துத் தீவுவரை கேட்கும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஊவெ, பாதி வாழ்க்கை சைக்கிளிலேயே போனதால் கால் தரையில் படுவதே அதிசயம் என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாலு பேர். ஏழாவது, புத்தம் புது வெள்ளை ஷூவில் யூடித். மேய்ந்துகொண்டிருந்த செம்மறியாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

பயிற்சி கொடுப்பவர் வந்தார். மஞ்சள் மழைக்கோட்டு.

'ஐயோ, இந்த ஆளா...'

"மொயின்," என்று எங்கள் ஊர் வணக்கத்தைப் பொதுவாகச் சொன்னான். அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். "கிளை எதுவும் கொண்டு வரலையே?"

"உங்க வழியில கை வைக்க மாட்டேன். பயப்படாதீங்க."

"இங்க 'ங்க' எல்லாம் கிடையாது. சேத்துல இறங்கினா எல்லாரும் 'நீ'தான். நான் ரெம்மர்."

"யூடித்."

"என்ன நடக்குது இங்க?" என்று கேஷா ஊவெயின் விலாவில் இடித்தாள். 'சும்மா இரு' என்று அவர் கண்ணைக் காட்டினார்.

ரெம்மரின் சட்டம் சுருக்கமானது. ஒரு நிமிடம் ஓட வேண்டும், இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும். "பேச்சு நின்னுச்சுன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். குறைச்சுக்கணும். பேச முடியற வேகத்துல ஓடுறவங்க எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடலாம்."

"பேசறதுதான் விஷயம்னா நான் டென்மார்க்வரைக்கும் ஓடுவேன்!" என்றாள் கேஷா.

முதல் நாள் அந்த ஒரு நிமிடத்திலேயே யூடித்துக்கு நெஞ்சு அடைத்தது. ரெம்மர் பக்கத்தில் வந்தான்.

"பேசு."

"என்ன... பேச..."

"திட்டு. அன்னைக்கு நல்லா திட்டினியே."

"நீதான்... திட்டினே... நெட்டக்கொக்கு..."

"ஆங், முழுசா ஒரு வார்த்தை வந்துருச்சு. பரவால்ல!"

ஒன்று இரண்டானது. இரண்டு ஐந்தானது. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, அணைக்கரை மேல் காற்று பின்னாலிருந்து தள்ள, கேஷா தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வர, யூடித் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். கதை முடிந்தபோது ரெம்மர் கைக்கடிகாரத்தைக் காட்டினான். இருபது நிமிடம்! நடக்கவே இல்லை!

அவள் நெஞ்சில் கை வைத்து நின்றாள். உள்ளே காற்று போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது... இத்தனை வருடம் தனக்கு இல்லை என்று நினைத்த ஒன்று, கேட்காமலே, தானாக... கண்ணில் நீர் பொங்கியது. கடிகாரத்தைக் காட்டிய கையை இறக்க மறந்து ரெம்மர் அவளையே பார்த்தான். ஓட்டத்தை ஆயிரம் முறை பார்த்தவன் அவன். ஒருத்தி தன் மூச்சைத் தானே கண்டுபிடிக்கிறதை அன்றுதான் பார்த்தான்.

பயிற்சி முடிந்தால் படகுக் கொட்டகையில் தேநீர். கோப்பையில் கற்கண்டைப் போட்டு, சுடச்சுடக் கருந்தேநீரை ஊற்றினால் கற்கண்டு படபடவென்று வெடிக்கும். மேலே பாலேடு. கலக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்பூன் இருக்கும், அது எதற்கு என்று யூடித் யோசிக்கவில்லை. ரெம்மர் ஊற்ற ஊற்றக் குடித்தாள். ஏழாவது கோப்பையில் கெஞ்சினாள்.

"போதும் ரெம்மர், வயிறு வெடிச்சிடும்!"

கொட்டகையே சிரித்தது.

"அடி பொண்ணே," என்றாள் கேஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஸ்பூனைக் கோப்பைக்குள்ள போடு. அப்பத்தான் நிறுத்துவான். நீ போடாத வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும், அது இந்த ஊரு மரியாதை."

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று அவனை முறைத்தாள்.

"நீ கேக்கலையே..." அவன் காது சிவந்திருந்தது.

ஜூலைக் கடைசி சனிக்கிழமை, முதல் முறையாக மரக்கோபுரம்வரை போவது என்று முடிவானது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பலாம் என்று ரெம்மர் சொல்லியிருந்தான். கடல் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்கிற அட்டவணையை எங்கள் ஊரில் பல் துலக்கும் முன் பார்ப்பார்கள். பழைய அட்டவணைகளில் எல்லாம் குளிர்கால மணிதான் போட்டிருக்கும். கோடையில் நாமே ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

யூடித் ஒரு சின்ன மடிப்புத் தாளோடு வந்தாள்.

"ரெம்மர், ஒரு நிமிஷம். இந்த வருஷம் எல்லாக் கடைக்கும் குடுத்தாங்களே, அந்த அட்டவணைதானே நீ பார்த்தே? கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான், கோடை நேரம் சேர்த்தாச்சுன்னு. நீ இன்னொரு மணி கூட்டி லேட் பண்ணிட்டியோன்னு..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெம்மருக்குச் சுருக்கென்றது. காஸலில் இருந்து வந்தவள், வழிக் கிளையைப் பிடுங்கியவள், கடலைப் பற்றித் தனக்குச் சொல்கிறாள்!

"மருந்துச் சீட்டை நீ படி. கடலை நான் படிச்சுக்கறேன்."

வாத்தியார்கள் சிரித்தார்கள். யூடித் தாளை மடித்துப் பையில் வைத்தாள். முகம் எரிந்தது. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள், தேவைக்கு மேல் நேரம் எடுத்து.

கிளம்பினார்கள். கடலின் தரையில் எட்டுப் பேர், காலடியில் வானம், தூரத்தில் ஆயிரம் பறவைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் திரும்பின. கேஷாவே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். யூடித்துக்குக் கோபம்கூட மறந்துபோனது. இவ்வளவு பெரிய இடத்தில் எவ்வளவு நேரம்தான் ஒருவன் மேல் கோபமாக இருக்க முடியும்...

கோபுரத்தைத் தொட்டுத் திரும்பியபோது ரெம்மர் நின்றான். பக்கத்து ஓடையைப் பார்த்தான். வரும்போது காய்ந்து கிடந்த ஓடையில் தண்ணீர், ஒரு விரல் உயரத்துக்கு. கரையிலிருந்து கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், கடலிலிருந்து கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

"திரும்புங்க. இப்பவே. கிளை வரிசையை விடாதீங்க." அவன் குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

எல்லோரும் திரும்பி ஓடினார்கள். பாதி வழியில் பெரிய ஓடை குறுக்கே வந்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டி இழுத்தது. ரெம்மர் நடுவில் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்திவிட்டான். யூடித் கடைசி. அவன் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

கரையேறித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஓடிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

"குளிச்சு ரொம்ப நாளாச்சு, நல்லதாப் போச்சு," என்று ஊவெ சொல்லிப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ரெம்மர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ சொன்னதுதான் சரி யூடித்," என்றான், எல்லோரும் கேட்க. பிறகு சொன்னான், "இனிமே நான் யாரையும் கூட்டிட்டுப் போறதா இல்ல."

அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. சேற்றுத் தரையில் வழிகாட்டத் தெரிந்த ஒருவர் துணைக்கு வராத குழுவைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ஊரில் இருந்த மற்ற வழிகாட்டிகளை எல்லாம் வேறு குழுக்கள் முன்பே பேசி வைத்துவிட்டன. ரெம்மர் வராவிட்டால் ஏழு பேரும் கரையில் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

'மறுபடியும் பெஞ்சா?' என்று நினைத்தாள் யூடித். 'மறுபடியும் சட்டை காக்கிறதா? மாட்டேன்.'

ஆனால் பெஞ்சுக்காக மட்டுமா? அணைக்கரையில் ஓடும்போது "பேசு" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதிலிருந்து அவளுக்கு மூச்சே சரியாக வரவில்லை. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, மதியம், அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்கு வந்தவளைத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப முடியாது. முகத்தைப் பார்க்காமல் கற்கண்டைப் போட்டு ஊற்றினான்.

"போட்டிக்கு வா," என்றாள்.

"மாட்டேன்."

குடித்து முடித்துக் கோப்பையை நகர்த்தினாள். ஸ்பூன் வெளியே, தட்டில். ஊற்றினான். இரண்டாவது, மூன்றாவது...

"யூடித், வீட்டுக்குப் போ."

"ஸ்பூன் வெளியிலதானே இருக்கு? ஊத்து. ஊரு மரியாதை."

"விளையாடாத. ஏழு பேரைக் கடல்ல கொண்டு போய் விட்டவன் நான்."

"ஏழு பேரையும் கரையேத்தினவனும் நீதான். நீ கணக்குல ஒரு மணி தப்பு பண்ணே. நான் கிளையைப் பிடுங்கினவ. என்னை ஊரை விட்டா துரத்தினே? ஓடக் கத்துக் குடுத்தே."

நான்காவது. ஐந்தாவது.

"அந்த அட்டவணை இல்ல விஷயம்," என்றான் மெல்ல. "இந்தக் கரையில பிறந்தவன் எவனா இருந்தாலும் சேத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஓடைத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்பான். ஒரு பார்வை போதும். அன்னைக்கு நான் பாக்கல. என் கண்ணு... வேற எங்கயோ இருந்துச்சு."

"எங்க?"

அவன் ஆறாவதை ஊற்றினான். ஏழு... எட்டு... ஒன்பதாவது கோப்பையைப் பார்த்தபோது யூடித்துக்கு உண்மையாகவே தலை சுற்றியது. ஆனாலும் கையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரெம்மர் கேத்தலைக் கீழே வைத்தான். ஏறக்குறைய நான்கு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான்.

"செத்துடுவே. சரி, வரேன். ஒரே ஒரு நிபந்தனை. நேரத்தை நீ பார்த்துச் சொல்லு. ஓடையை நான் பார்த்துக்கறேன்."

அவள் போன பிறகு மேசையைத் துடைத்தான். கழுவி வைத்தபோது ஒரு ஸ்பூன் குறைந்தது. மேசைக்கு அடியில்கூடத் தேடினான்... இல்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. இருநூறு பேர் கடலின் தரையில். ஒரு குழுவின் கடைசி ஆள் கரையோரத்து முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுதான் அந்தக் குழுவின் கடிகாரம் நிற்கும். அதனால் முதலில் வருகிறவருக்குப் பெருமை எதுவும் கிடையாது. கிளம்பும் முன் ரெம்மர் குனிந்து ஓடையைப் பார்த்தான், ஒரு முறை இல்லை, மூன்று முறை. யூடித் தாளைப் பார்த்தாள். "சரியான நேரம்." "சரியான பக்கம்." இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஊவெ பாடினார். கேஷா பக்கத்துக் குழுவினரை எல்லாம் வம்புக்கு இழுத்தாள். கோபுரத்தைத் தொட்டுத் திரும்பினார்கள்.

பெரிய ஓடைக்கு வந்ததும் யூடித் நின்றுவிட்டாள்.

தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. ஆனால் முழங்காலைத் தாண்டி இழுத்த அந்தக் குளிர் திரும்ப வந்தது. மூச்சு சிக்கியது. மற்ற ஆறு பேரும் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கால் மெல்லப் புதையத் தொடங்கியது. யாரோ மடியில் சட்டைகளைக் குவிப்பது போல...

எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த ரெம்மர் கையை நீட்டினான்.

"நிக்காத. அமுங்கிடுவே. பேசு."

"முடியல... நீ பேசு."

"என்ன பேச?"

"அன்னைக்கு... உன் கண்ணு... எங்க இருந்துச்சு?"

கையைப் பிடித்து இழுத்தான். அவள் கால் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓடையை மிதித்துக் கடந்தார்கள். ஓடிக்கொண்டே, முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"உன்னை அத்தனை பேர் முன்னாடி மட்டம் தட்டிட்டேன். நீ ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு ஷூ கயிறு கட்டினே. உன் கண்ணு கலங்குதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கடல் திரும்பினதைக்கூட கவனிக்காத அளவுக்கு உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது... யூடித், உன்னை எனக்குப் பிடிக்கும். ரொம்ப. நீ இருபது நிமிஷம் ஓடி முடிச்சு, நெஞ்சில கை வெச்சு நின்னியே, அன்னையிலேர்ந்து."

அவள் ஓடினாள். ஒரு வார்த்தை வரவில்லை. வானம் மேலேயும் கீழேயும் இருந்தது, நடுவில் அவர்கள் இருவரும். கடல் எழுந்துபோய்த் திரும்பி வருவதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று தன் பக்கத்திலேயே சேறு தெறிக்க ஓடி வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது...

"பேச்சு வரலையா?" அவன் குரலில் பயம். "வேகம் அதிகமா? குறைச்சுக்கலாம்..."

குறைக்க வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"அட, நீங்க ரெண்டு பேரும்!" கரைப் பக்கமிருந்து கேஷா கத்தினாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பேசுங்களேன்! எங்க கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு!"

கோட்டுக்குப் பத்தடி இருந்தது. யூடித் ஓடிக்கொண்டே இடுப்புப் பையைத் திறந்து எதையோ எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெயிலில் மின்னியது. சின்ன ஸ்பூன், கைப்பிடியில் நீலப் பூ.

"இது... எங்க வீட்டு..."

"ஆமா. திருடினேன். திருப்பித் தர மாட்டேன்." மூச்சிரைத்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வந்தது. "நீ ஊத்திக்கிட்டே இரு, ரெம்மர். நான் எந்தக் கோப்பையிலயும் இதைப் போடப் போறதில்ல."

ஏழு, எட்டு என்று கேஷா உரக்க எண்ணினாள். அவர்கள் கை கோத்தபடியே கோட்டைத் தாண்டினார்கள்.